தோரிக்குக்காக ஒரு ஸ்நானம்

வங்காளத்து டாக்குரியாவில் குடியிருக்கும் ஜகதாம்பாள் ஒரு வங்கிக் கிளைக்கு மேலாளர். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் அங்கே மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும் என்பார்கள். அப்படிப்பட்டவள் ‘சாம்பல் வளையம்’ என்கிற விண்வெளித் தொடருக்கு மூன்று சீசன்களாக அடிமை. அதில் வரும் தோரிக் என்ற கிழட்டு இன்ஜினியருக்கு முழங்கால் வலி வந்த வாரம், இவளும் வீட்டுப் படியை நொண்டிக்கொண்டே ஏறினாள்.

பெண் மாதங்கிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமைதான் மூன்றாம் சீசனின் கடைசிப் பகுதியும் வந்தது. பிள்ளை வீட்டார் அதே ஊரில் லேக் மார்க்கெட் பக்கம். ஒரு பங்காளி சாவினால் நிச்சயம் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு தடங்கல் வந்தால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று பிள்ளையின் அம்மா சுந்தரவல்லி வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

ஐந்து மணிக்கு எழுந்து பார்த்துவிட்டால் ஆறரைக்குக் கேசரி கிளறலாம் என்று ஜகதாம்பாள் திட்டம் போட்டாள். ஆறு மணிக்குத் தோரிக், எரியும் இன்ஜின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். திரை வெளுத்துப்போனது. அன்று அவள் விட்ட கண்ணீரில் டாக்குரியா ஏரி இரண்டு அங்குலம் ஏறியதாம். சரி, ஒரு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம்.

சாவுச் செய்தி கேட்டால் தலைக்குக் குளிப்பது அந்த வீட்டு வழக்கம். கால்கள் தாமாகவே குளியலறைக்குப் போயின. தை மாதக் குளிரில் பச்சைத் தண்ணீரை விட்டுக்கொண்டு, ஈரப் புடவையும் சிவந்த கண்ணுமாக வந்து நின்றாள்.

கணவர் வைத்தீஸ்வரன் பார்த்தார். அந்தக் கோலத்தில் நிற்பவளைத் துருவிக் கேட்க மனம் வரவில்லை. மயிலாப்பூரில் தொண்ணூற்று நான்கு வயதில் அவருக்கு ஓர் அத்தை இருந்தாள். இவராகவே மனசுக்குள் அவளை மேலோகத்துக்கு வழியனுப்பிவைத்தார். தாமும் பச்சைத் தண்ணீரில் குளித்து, பல் கிட்டிக்க, சுந்தரவல்லிக்குப் போன் செய்து, “ஒரு துக்கம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம்தான் சமையலறைக்கு வந்தார்.

“எந்த ரயில்ல கிளம்பறோம்?”

“எங்கே?”

“அத்தை காரியத்துக்கு.”

“அத்தைக்கு என்ன? நேத்திக்குக்கூட போன்ல அப்பளம் கேட்டாளே.”

“அப்போ யாருக்கு ஸ்நானம் பண்ணினே?”

“தோரிக்குக்கு.”

“அது யாரு?”

“கப்பல் இன்ஜினியர்.”

“எந்தக் கப்பல்?”

அவள் கூரையைக் காட்டினாள்.

மாதங்கிக்குக் கோபம் வங்காளியில்தான் வரும். ஐந்து நிமிஷம் வந்தது. பிறகு தமிழில் அழுதாள். “போச்சும்மா. அவா இனிமே ஒத்துக்கவே மாட்டா.”

வைத்தீஸ்வரன் மறுபடி போனை எடுப்பதற்குள் வாசல் மணி அடித்தது. கட்டியிருந்த பட்டை அவிழ்த்துப் போட்டு, நூல் புடவையில் ஆட்டோ பிடித்துத் துக்கம் விசாரிக்க வந்துவிட்டாள் சுந்தரவல்லி.

“மாமி, ஆத்துல யாருக்கும் ஒண்ணுமில்லை,” என்றாள் ஜகதாம்பாள். “தப்பு என்னோடது. சீரியல்ல ஒருத்தன் போயிட்டான். பழக்க தோஷத்துல தலைக்கு விட்டுண்டுட்டேன்.”

“எந்த சீரியல்?”

“சாம்பல் வளையம்.”

சுந்தரவல்லி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். “தோரிக்கா?”

“நீங்களும் பாக்கறேளா?”

“நிச்சயதார்த்தம் முடிஞ்சு சாயங்காலம் சாவகாசமா பாக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்படிப் போட்டு உடைச்சுட்டேளே, மாமி.” போன தடவை நிச்சயம் தள்ளிப்போனபோதுகூட அவள் குரல் இப்படி நடுங்கவில்லை. மாதங்கி கண்ணை மூடிக்கொண்டாள்.

“உடம்பைக் காட்டினானா?” என்றாள் சுந்தரவல்லி.

“இல்லை. வெறும் வெளிச்சம்தான்.”

“காணாமப் போனவாளுக்குப் பன்னெண்டு வருஷம் காத்திருக்கணும்னு சொல்லுவா. நீங்க அஞ்சு நிமிஷம் காத்திருக்கலை. அவசரப்பட்டுக் குளிச்சதுக்கெல்லாம் தீட்டு கிடையாது.” கடிகாரத்தைப் பார்த்தாள். “பத்தரைக்குள்ள முகூர்த்தம். நான் போய்ப் பட்டைக் கட்டிண்டு எல்லாரையும் அழைச்சுண்டு வரேன். நீங்க கேசரியைப் பாருங்கோ.”

பத்தேகாலுக்குத் தட்டு மாற்றினார்கள். பஞ்சாங்கத்தைப் பிரித்த வைத்தீஸ்வரன், தும்மலுக்கு நடுவே வைகாசியிலும் ஆனியிலும் இருந்த கல்யாண நாள்களைப் படித்தார்.

“அடுத்த சீசன் எப்பவாம்?” என்றாள் சுந்தரவல்லி.

“ஆனிங்கறா,” என்றாள் ஜகதாம்பாள்.

“அப்போ கல்யாணம் வைகாசியில. ஆனியில உங்க சம்பந்தி இங்கேதான் வந்து உக்காந்து பாப்பா. உங்களைத் தனியா விட்டா மறுபடியும் குளிச்சுடுவேள்.”