முத்துமாரி போட்ட முடிச்சு

ஆம்பூர் பைபாஸ் ஓரம் கார் வயரிங் கடை வைத்திருக்கும் முத்துமாரிக்கு ஒரு பெயர் உண்டு. அவள் கை வைத்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது. பெயர் சும்மா வந்துவிடவில்லை. ஷூ கம்பெனியில் ஒன்பது வருஷம் மேல்தோல் தைத்தவள் நாலு வருஷம் முன்னால் கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தபோது, பொம்பளை தொட்டால் வண்டி எரிந்துவிடும் என்று டாக்சி ஸ்டாண்டே சிரித்தது. சிரித்தவர்கள் இப்போது அவளிடம்தான் வருகிறார்கள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம். இருக்கட்டுமே, யாரும் தூக்கிக் கொடுத்த பெயரில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, நிசார் அஹமதுவின் வெள்ளை வாடகைக் கார் உதறிக்கொண்டே வந்து நின்றது. ஆறு மாதம் முன்னால் அவர் பழைய வண்டியாக வாங்கியது.

"மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்குதும்மா. இன்ஜெக்டர் போச்சுன்னு அந்த மெக்கானிக் தேவசகாயம் புதுசு போட்டான். நாலு நாள் ஓடுச்சு. நேத்து பள்ளிகொண்டா கிட்ட மறுபடியும் இழுக்கல. நல்லா இருந்தத கழட்டிக்கினு ஏமாத்திட்டான். அவன் கிட்ட போவாதீங்கன்னு ஸ்டாண்டு முழுக்க சொல்லிட்டேன்."

தேவசகாயம் நாலு கடை தள்ளி இருப்பவர். அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று முத்துமாரிக்குத் தெரியும். ஆனாலும் போட்டிக் கடைக்காரருக்கு வக்காலத்து வாங்க அவளுக்கு என்ன தலையெழுத்து? பானெட்டைத் திறந்தாள்.

சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் அந்தப் புது இன்ஜெக்டரை அளந்தாள். பழுதில்லை. அதில் சொருகும் வயர் முனையான கப்ளரில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வயருக்குள் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பன்னிரண்டுதான் காட்டும். மீட்டர் பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது. வேலை வாங்கிப் பார்த்தால்தான் வயரின் வண்டவாளம் தெரியும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றை முதல் சிலிண்டரின் கப்ளரில் கொடுத்தாள். பளிச்சென்று எரிந்தது. மூன்றாவதில் கொடுத்தாள். அழுது வடிந்தது.

"வயர்லதான் பாய் கோளாறு. எவனோ அரைகுறையா ஒட்டு போட்டிருக்கான்."

சொல்லிவிட்டுத்தான் வயரில் புடைத்திருந்த டேப்பைப் பிரித்தாள். உள்ளே எலி கடித்த வயரை முறுக்கி, மேலே மெழுகு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. கடைசியில் நூலை வளையத்துக்குள் இரண்டு முறை விட்டு இழுத்த முடிச்சு. இந்த வட்டாரத்தில் வயருக்கு அப்படி முடிச்சு போடும் ஆள் ஒருத்திதான்.

கடை திறந்த முதல் வருஷம். வாணியம்பாடியில் கல்யாணம் என்று பறந்துகொண்டிருந்த யாரோ ஒருவரின் வெள்ளைக் கார். கரண்ட் இல்லை, ஈயம் உருக்கி ஒட்டும் சாலிடர் அயர்ன் சூடாகவில்லை. முறுக்கிக் கட்டி அனுப்பிவிட்டாள். மறுபடி வந்து சாலிடர் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோல் பதனிடும் ஷெட்டுகளின் காற்றில் வெள்ளிக் கொலுசே கறுக்கும் ஊர் இது. செம்பு கருகிப் பொடியாகியிருந்தது.

நிசார் குனிந்து பார்த்தார். "ஷூ நூல் மாதிரி இருக்குதே. யார் வேலம்மா இது?" அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். "ஆம்பூர்ல இந்த நூல் இல்லாத வூடு ஏது? வெட்டிப் போட்டுட்டு ஜாயின்ட் பண்ணும்மா."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஒட்டும் முடிச்சும் குப்பைக்குப் போய்விடும். நாலு வருஷப் பெயர். காலையில் கடை திறக்க வரும்போது தேவசகாயம் ஒரு வண்டிகூட இல்லாமல் பேப்பரை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது.

ஒட்டை வெட்டினாள். புது வயர் வைத்து, சாலிடர் போட்டு, மேலே பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டினாள். என்ஜின் உதறாமல் ஓடியது.

"நூல் எல்லார் வூட்லயும் இருக்கும் பாய். இந்த முடிச்சு என்னுது."

நிசார் அவளையே பார்த்தார். "அப்போ தேவசகாயம்?"

"புது இன்ஜெக்டர் போட்டப்ப வயர் அசைஞ்சு கொஞ்சம் ஒட்டிக்கினதுல நாலு நாள் ஓடியிருக்கு. அவரு ஏமாத்தல."

"ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா."

"நான் வந்து சொல்றேன். வண்டிய எடுங்க."

ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களிடம் ஒன்று விடாமல் சொன்னாள். ஒருவன் சிரித்தான். அதே பழைய சிரிப்பு. அவளுக்கு வலித்தது. அங்கிருந்து அவளும் நிசாரும் நேராகத் தேவசகாயத்தின் கடைக்குப் போனார்கள்.

அவர் எழுந்து வந்து, பானெட் மேல் கை வைத்து என்ஜின் சத்தத்தைக் கேட்டார். "இப்ப நல்லா ஓடுது. எங்க இருந்துச்சு கோளாறு?"

முத்துமாரி உள்ளங்கையை விரித்து அந்த ஒட்டைக் காட்டினாள். "என் ஒட்டுலண்ணா. நான்தான் சாலிடர் வெக்கல."

அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுத்த செம்பை நகத்தால் சுரண்டினார். நூலை இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"முடிச்சு கெட்டியாத்தாம்மா போட்டிருக்க" என்றார்.

முத்துமாரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.