நவம்பர் ஒன்று, பலகையின் வலப்பாதி

இன்று காலையும் கைப்பேசியில் ஒரு பட்டியல் வந்து விழுந்தது: 'வரலாற்றில் இன்று'. எங்கோ ஒரு கோட்டை விழுந்ததாம், எங்கோ ஒரு கப்பல் கிளம்பியதாம். அனுப்புகிறவன் என் சித்தப்பா மகன். அவனுக்கு நேற்று என்ன சாப்பிட்டான் என்பதே நினைவிருக்காது. படிக்காமலே அழித்தேன். ஒரு பட்டியல் மேல் இத்தனை கடுப்பு ஏன் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நானே அதை எழுதிக்கொண்டிருந்தவள் என்பதால்தான்.

எழுபதுகளின் நடுவில், கேரளத்துச் சித்தூர் கல்லூரியில் சரித்திரம் படித்து முடித்து, வேலை கிடைக்காமல், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் ஊரில் திரிந்துகொண்டிருந்தேன். ஊர் வாசகசாலை வாசலில் ஒரு கரும்பலகை. நடுவே ஒரு கோடு. இடப்பாதி மலையாளத்துக்கு, வலப்பாதி தமிழுக்கு. இடப்பாதியில் எழுதுகிறவர் செயலாளர் மாதவன் மாஷ், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வலப்பாதியை நான் அடம்பிடித்து வாங்கி, தினமும் ஒரு 'வரலாற்றில் இன்று' எழுதிவந்தேன். சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்து எழுதினால் எழுத்து பளிச்சென்று நிற்கும். எறும்பும் வரும். பாஸ்டில் சிறை உடைந்த நாளை நான் எழுதியபோது, பிரெஞ்சுப் புரட்சியை முழுதாகப் படித்தது எறும்புகள் மட்டும்தான்.

"படிக்க எறும்பாவது வந்நல்லோ, குட்டீ!" என்றார் மாஷ்.

"உங்க பக்கம் அதுவும் வரலீங்களே, மாஷே."

எங்கள் அன்றாட வணக்கம் இதுதான். எனக்கு அவரைப் பிடிக்காது, அவருக்கும் அப்படியே. என் பக்கம் இன்றைக்கும் அதில் பெரிய மாற்றமில்லை.

சைக்கிள் டயருக்குப் பஞ்சர் ஒட்டும் பசையின் வாடை எங்கேயாவது வந்தால் எனக்குக் கடலை விலை ஞாபகம் வரும். சைக்கிள் கடை ரங்கண்ணன் கையில் அந்த வாடை எப்போதும் இருக்கும். அந்தக் கையால் தமிழ்ப் பத்திரிகையைப் பிரித்து, தினமும் காலையில் வாசகசாலை பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். பொள்ளாச்சிச் சந்தையின் கடலை விலை, மழை, கோர்ட்டுச் செய்தி, ஆள் காணவில்லை அறிவிப்பு, எதையும் விடமாட்டார். சுற்றிலும் எழுத்துத் தெரியாத பத்துக் குடியானவர்கள். படித்தவர் கையெழுத்துப் போடும் புத்தகத்தில் மட்டும் ரங்கண்ணன் பெயர் ஒன்றுதான் ஏறும். படித்தது அவர் ஒருவர்தானே!

அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் மாஷ் அக்டோபரில் கிளம்பினார். தமிழ்ப் பத்திரிகைக்கு நாளொன்றுக்கு ஒரே வாசகர், அதை நிறுத்திவிட்டு இன்னொரு மலையாளப் பத்திரிகை வாங்கலாம் என்றார். தினமும் அந்தப் பத்துப் பேரைத் தாண்டித்தான் அவர் தன் மேசைக்குப் போவார். கணக்கு வாத்தியாருக்குப் பத்து ஒன்றாகத் தெரிந்ததை நான் மன்னிக்கவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி, கேரளப் பிறவி என்கிற மாநிலம் பிறந்த நாளின் கொடியேற்றம் முடிந்ததும் பொதுக்குழுவில் முடிவு என்று நோட்டீஸ் ஒட்டினார்.

ரங்கண்ணன் எழுந்து, "கேக்கறவங்க பத்துப் பேருங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பத்துப் பேரும் கை தூக்குவதாக இருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. சரித்திரம் படித்தவளாயிற்றே! விடியற்காலையில் போய் வலப்பாதியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'இந்நாளில், 1956: சென்னை மாநிலத்திலிருந்து நம் ஊர் பறிக்கப்பட்டது.'

தீ பற்றியது. குடியானவர்கள் துண்டை உதறிக்கொண்டு வந்தார்கள். "பறிச்சுப் போட்டாங்களா? அப்பறம் பத்திரிகைய மட்டும் உடுவாங்களா?" என்று குரல்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மாஷ் சத்தமே போடவில்லை. கூட்டத்தில் மூத்தவரான ராமசாமிக் கவுண்டரைப் பார்த்து, "கவுண்டரே, உங்கள் பழைய பத்திரத்தில் ஏது ராஜாவின் முத்ரை?" என்று கேட்டார்.

கவுண்டருக்குப் பொய் வராது. "கொச்சி ராசாதானுங்க."

"கேட்டல்லோ! இது கொச்சி ராஜ்யம். மெட்ராஸ் நமக்குச் சுற்றிலும் இருந்நு, நம்ம ஊர் மாத்ரம் அதில் இல்லா. இந்தக் குட்டிக்கு டிகிரி கொடுத்தது ஆரப்பா?"

இடப்பக்கம் மலையாளக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சுகள் சிரித்துக் குலுங்கின. உண்மைதான். பெண் கொடுத்தது, எடுத்தது, சந்தைக்குப் போனது எல்லாம் பொள்ளாச்சிப் பக்கம் என்பதால் எங்கள் வீட்டில் எல்லோரும் 'நாம மெட்ராஸ்காரங்க' என்றே சொல்லி வந்தார்கள். நானும் ஒரு புத்தகத்தைப் புரட்டாமல் நம்பியிருந்தேன். என் எழுத்தை நம்பி வந்தவர்களின் துண்டுகள் மறுபடி தோளுக்குப் போயின. ஒவ்வொருவராக நழுவினார்கள். ரங்கண்ணன் தலை நிமிரவில்லை. அந்த ஒரு வரியும் வெளியே வரவில்லை. மீதியிருந்த கைகளை எண்ணித் தமிழ்ப் பத்திரிகையை நிறுத்தினார்கள்.

இதோடு முடித்தால் குற்றம் முழுவதும் மாஷின் தலையில் விழும். எனக்கும் வசதிதான்.

மறுநாள் காலை, பழகிய கால்களோ என்னவோ, ரங்கண்ணனும் பத்துப் பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரங்கண்ணன் மலையாளப் பத்திரிகையை எடுத்துப் புரட்டினார். அந்த எழுத்து அவருக்கு ஆகாது. என்னிடம் நீட்டினார். "அம்மிணி, உனக்குத்தா இது படிக்க வருமே. மழை உண்டான்னு மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு. இவங்கெல்லாம் கேக்கறாங்க."

எனக்கு மலையாளம் நன்றாக வரும். மேசையில் மாஷ் தலை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க பத்திரிகைய நான் தொட மாட்டேனுங்க" என்றேன்.

ரங்கண்ணன் தாளை மடித்து, படம் மேலே தெரிகிறமாதிரி பெஞ்சில் வைத்தார். "செரி, உடு" என்றார். பதினோரு பேரும் எழுந்து வெயிலில் இறங்கிப் போனார்கள். அதன்பின் வரவில்லை.

பிறகு எனக்குக் கோவையில் வேலை கிடைத்தது. மாஷ் போய்ச் சேர்ந்தார். வாசகசாலைக் கட்டடம் இன்னும் இருக்கிறது, கூரை மாற்றி, வெள்ளையடித்து. மேசையில் இப்போது தமிழ்ப் பத்திரிகையும் வருகிறது. யாரோ நல்ல செயலாளர். போன மாதம் எட்டிப் பார்த்தேன். இரண்டு மொழித் தாள்களும் கசங்காமல் கிடந்தன. ஓர் ஆள் ஓரமாக உட்கார்ந்து, உதடு அசையாமல், தனக்குத்தானே படித்துக்கொண்டிருந்தார்.