பத்து தீகா மேட்டு டிரஸ்ஸர்

பின்னால் இன்னொரு சைக்கிள் வரும் சத்தம் கேட்டதும் கனகசபை வாயைத் துடைத்துக்கொள்வார். பொய் சொல்லப் போகிறார் என்று அர்த்தம். "எங்க அண்ணே போறீங்க? என்ன வேலை?" என்று வருகிறவர் கேட்டு முடிப்பதற்குள் பேர், ஊர், உத்தியோகம், போகிற காரியம் எல்லாம் தயாராகிவிடும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் கூட்ஸ் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவர். ஆனால் கிள்ளான் ரோட்டில் அந்தக் கனகசபையைக் கண்டவர் ஒருவருமில்லை. ஒரு வாரம் கோயில் கணக்கப்பிள்ளை, மறுவாரம் தேங்காய் வியாபாரி. ஒருமுறை கிள்ளானைப் பார்த்து மிதித்துக்கொண்டே, "பத்துமலைக்குப் போறேன், நேர்த்திக்கடன்" என்று சொல்லிவிட்டார். கூட வந்தவர் திரும்பி, மலை இருக்கும் பக்கம், வந்த வழியை ஒரு பார்வை பார்த்தாரே தவிர, மேற்கொண்டு கேட்கவில்லை. அவர் என்ன பொய்யைச் சுமந்துகொண்டு போனாரோ!

கனகசபை பிறவிப் பொய்யர் அல்ல. லீவு கேட்க ஒரு தலைவலியைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷர். ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்த பிறகுதான் இந்த வித்தை. அவருடைய ஆபீஸ் சினேகிதர் சண்முகரத்தினம் இதே ரோட்டில் வழித்துணையாய் வந்த ஒருவரிடம், "வெள்ளைக்காரன் காலத்தில அரிசியாவது இருந்தது" என்று வாய்விட்டார். அவ்வளவுதான். இரண்டொரு நாளில் ஜப்பான் போலீஸ்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து முன்பின் தெரியாத ஆள் பக்கத்தில் சைக்கிள் விட்டாலே கனகசபைக்கு அந்தக் கரண்டிதான் நினைவுக்கு வரும். பேசாமல் போகலாமே என்றால், பேசாதவனை இன்னும் உற்றுப் பார்க்கிறார்கள். அதனால் நிறையப் பேசுவார். வெள்ளைக்காரன் ஆபீஸ் ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும் தன் யாழ்ப்பாணத்துத் தமிழை மறைக்க "ஆமாங்க, ஆமாங்க" என்று பழகி வைத்திருந்தார். அவசரத்தில் ஒரு "ஓம்" குதித்து வெளியே வந்துவிடும். வந்தால் இருமி மூடுவார்.

போகாமலும் இருக்க முடியாது. மனைவி குணபூசணிக்கு மலேரியா. விட்டுவிட்டு வரும் காய்ச்சல். கிள்ளானில் இருக்கும் அவள் தங்கை மார்க்கிரட் எப்படியோ, யாரையோ பிடித்து, மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைக் கள்ளத்தனமாக வாங்கி வைப்பாள். அதை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, நூலில் கட்டி, சைக்கிள் சீட்டை உருவி அடியில் இருக்கும் குழாய்க்குள் தொங்கவிட்டுத் திரும்பச் சொருகிவிடுவார். பாலத்து ஜப்பான் காவலில் இறங்கிக் குனிந்து கும்பிடும்போதெல்லாம் அந்தச் சீட்டே சிப்பாயை முறைத்துப் பார்ப்பதுபோல் இருக்கும்.

கிள்ளான் ரோட்டில் வரும் பத்து தீகா மேட்டில் யாரும் மிதித்து ஏற முடியாது. டியூபுக்கு வழியில்லாமல் கெட்டி ரப்பரை வளைத்து மாட்டிய சக்கரம், தள்ளத்தான் வேண்டும். அப்படித் தள்ளிக்கொண்டிருந்த ஒரு மழை நாளில் கூடச் சேர்ந்தவன் தம்புசாமி. பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரன். மரவள்ளிக்கிழங்கைப் பாசார் சந்தையில் விற்றுவிட்டு வந்துகொண்டிருந்தான். வழக்கமான கேள்வியைக் கேட்டான். கனகசபைக்கு அன்று வாயில் வந்தது, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் "எஸ்டேட் டிரஸ்ஸர்." எந்த எஸ்டேட்? "பூச்சோங் பக்கம்." வந்த வேகத்தில், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், கொசுவை அண்டவிடக் கூடாது என்று ரப்பர் மரத்தடியில் நின்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டார். தம்புசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். வீட்டுக்கு வரும்போது கனகசபைக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமைகூட.

சில வாரம் கழித்து, கிள்ளானிலிருந்து மாத்திரையோடு திரும்பும்போது, மேட்டின் அடியில் ஒரு ஆள் ரோட்டை மறித்து நின்றான்.

"ஐயா! உங்களைத்தாங்கய்யா! மூணு நாளா இங்கயே நிக்கிறேன்!"

முகம் தெரிந்தது. ஆனால் இவனிடம் தான் யார்? கணக்கப்பிள்ளையா, தேங்காய் வியாபாரியா, நேர்த்திக்கடனா?

"பொறும். நான்... நான் உமக்கு என்னெண்டு சொன்னனான்?"

"டிரஸ்ஸருன்னு சொன்னீங்களேய்யா! புள்ளைக்கு ஜொரம். தூக்கித் தூக்கிப் போடுது. எங்க டிரஸ்ஸரு செத்து ஆறு மாசமாச்சு. ஆஸ்பத்திரியில மருந்து கிடையாதுங்கிறான்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது யார்? அவரேதான். நான் டிரஸ்ஸர் இல்லை என்றால், அப்படியானால் அன்றைக்கு ஏன் பொய் சொன்னாய் என்ற கேள்வி வரும். அதற்கு எந்தப் பதிலும் நல்ல பதில் இல்லை. ஒருவேளை இதுவே ஒரு பொறியோ? சீட்டுக்குள் இருப்பது இவனுக்குத் தெரியுமோ? மூன்று நாளாய் நிற்கிறவன் கண் இப்படித்தான் சிவந்திருக்குமா, ஆள் காட்டுகிறவன் கண்ணும் இப்படிச் சிவக்குமா?

"மருந்துப் பெட்டி கொண்டு வரேல்லை" என்றார். தன் தமிழை மறைக்கக்கூட மறந்துவிட்டார்.

"கையை வச்சுப் பாத்தா போதுங்கய்யா."

பின்னால் போனார். ஒவ்வொரு திருப்பத்திலும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில், "கை கழுவத் தண்ணி கொண்டாரும்" என்றார். ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வரும் டிரஸ்ஸர் முதலில் அதைத்தான் செய்வார். யோசிக்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். தம்புசாமியின் மனைவி வீரம்மா சொம்பிலிருந்து ஊற்றினாள். அவர் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினார்.

உள்ளே கோணிச் சாக்குக்கு அடியில் குழந்தை மாரியாயி. பல் கிட்டித்து, சாக்கோடு சேர்ந்து குலுங்கினாள். டிரஸ்ஸருக்கு என்னென்ன தெரியுமோ, கனகசபைக்குத் தெரியாது. ஆனால் இந்தக் குலுங்கல் தெரியும். அவர் வீட்டுக் கட்டிலும் இப்படித்தான் கடகடவென்று ஆடும்.

வெளியே வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றார். எடுத்தால் குணபூசணிக்கு என்ன மிஞ்சும்? எடுக்காவிட்டால் இந்தப் பிள்ளைக்கு? எடுத்ததை இவன் வெளியே சொன்னால் எல்லாருக்கும் என்ன ஆகும்?

"கிளம்பிட்டீங்களாய்யா?" என்றான் தம்புசாமி. கோபமாகக் கேட்டிருந்தால் கிளம்பியிருப்பார். அவன் வழிவிட்டு ஒதுங்கி நின்று கேட்டான்.

கனகசபை சீட்டை உருவினார். குழாய்க்குள்ளிருந்து நூலோடு பொட்டலம் வந்ததைக் கண்டு வீரம்மா வாயில் கைவைத்தாள். மாத்திரைகளில் பாதியைக் கொடுத்து, எதை எப்போது எவ்வளவு என்று, மனைவிக்குக் கொடுத்துப் பழகியதைக் குழந்தைக்குக் குறைத்துச் சொன்னார். அங்கே மட்டும் அவர் குரல் தடுமாறவில்லை.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த குணபூசணி நிமிர்ந்து பார்த்தாள். "மிச்சம் எங்கை?"

"வழியில ஒரு டிரஸ்ஸர் கேட்டவர். குடுத்திட்டன்."

"டிரஸ்ஸரிட்டை இல்லாத மருந்தோ உங்களிட்டை வாங்கினவர்?"

கனகசபை சைக்கிளை உள்ளே தள்ளப் போய்விட்டார். அந்த வாரமே அவளுக்குக் காய்ச்சல் திரும்பியது. மாத்திரை நடுவில் தீர்ந்துபோயிற்று. போர்வைக்கு மேல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். செய்தது புண்ணியமா, பெண்டாட்டிக்குச் செய்த துரோகமா? ஒருநாள் அப்படித் தோன்றும், ஒருநாள் இப்படித் தோன்றும். அந்தக் குழந்தை பிழைத்ததா என்பதுகூடத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

அடுத்த முறை மார்க்கிரட் கொடுத்ததை மறைத்துக்கொண்டு புறப்படும்போது தீர்மானம் செய்துகொண்டார். பத்து தீகாவில் தலையைத் தூக்கப் போவதில்லை. பாதி வழியில் துணிமூட்டைக்காரர் அப்துல் கனி என்று ஒருவர் கூடச் சேர்ந்தார். "வாத்தியார் வேலைங்க" என்று அவரிடம் ஒப்பித்தாயிற்று. மேடு வந்தது. இரண்டு பேரும் இறங்கித் தள்ளினார்கள்.

"டிரஸ்ஸரய்யா!"

தலை தானாகத் தூக்கிக்கொண்டது. தம்புசாமி நின்றான். அவன் தோளில் மாரியாயி, ஒரு கையால் அப்பன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் அவித்த மரவள்ளிக்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வீரம்மா, கையில் சொம்பு. அவளுக்குப் பின்னால் ரப்பர் மரத்தடியில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நடுக்கம் ரோட்டிலிருந்தே தெரிந்தது.

"என்ன அண்ணே, வாத்தியார்னு சொன்னீங்க?" என்றார் அப்துல் கனி.

கனகசபை வாயைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் போகும் ரோட்டைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, வீரம்மாவின் சொம்புக்கு அடியில் இரண்டு கைகளையும் நீட்டினார்.