லேபிள் அண்ணன்

கடையில் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்கிறார். எந்த நாட்டில் செய்தது என்று தெரிந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். "ஆறு மாசம் ஓடும். அப்புறம் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்." பக்கத்தில் பர்ஸைத் திறந்தபடி நிற்கும் புது மாப்பிள்ளை சட்டென்று மூடிக்கொள்கிறான்.

வெளிநாட்டில் இருக்கும் அந்தக் குடியிருப்புக்குப் புதிதாக வந்து சேருகிறவர்கள் சாமான் வாங்க அவரைத்தான் கூட்டிப்போவார்கள். லேபிள் அண்ணன் என்றால்தான் அங்கே யாருக்கும் தெரியும். மோட்டார் என்றால் ஒரு நாடு, கத்தி என்றால் இன்னொன்று, கண்ணாடிப் பாத்திரத்துக்கு வேறொன்று என்று உலகமே அவருக்கு ஒரு கடைத்தெரு. அதில் ஒரே ஒரு கடைக்குத்தான் படியேறமாட்டார். சொந்த நாட்டில் செய்த எதையும் வாங்குவதில்லை. சோப்பு முதல் சீப்பு வரை நம்ம ஊர்ப் பொருளாகத் தேடிப் பிடிக்கிற மனைவியோடு இதில் ஓயாத வழக்கு. குளியலறை அலமாரியில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு இவருக்கு. பற்பசைகூட இரண்டு.

"அங்க எப்படிச் செய்யறாங்கன்னு எனக்கில்ல தெரியும்!" என்பார். தெரியும்தான். இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருடம் ஊரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தார். மாதக் கடைசியில் சரக்கு கப்பலேற வேண்டிய நாள் நெருங்கினால் சூப்பர்வைசர் தோளில் கைபோட்டு, "கொஞ்சம் கண்ண மூடிக்கப்பா" என்பார். இவரும் மூடிக்கொண்டார். பசை விட்டுப்போன ஜோடிகள் எத்தனையோ அப்படிப் பெட்டிக்குள் போயின. அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். ஆள் எடுத்தவர், "எந்த நாடு?" என்று மட்டும் கேட்டாராம். சொன்னதும், "அப்ப தள்ளுற வேலை" என்று எழுதிக்கொண்டார். ஒன்பது வருட அனுபவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் வாசல் விளிம்பு வந்தால் முன்சக்கரங்களை லேசாகத் தூக்கி இறக்குவார்; படுத்திருப்பவருக்கு அலுங்காது. நாள் முழுக்க நடை என்பதால் ஒரு ஜோடி ஷூ ஐந்து மாதம் தாங்கினால் அதிகம்.

போன மாதம், இடுப்பெலும்பு முறிந்து வந்த ஓர் அம்மாள் இவரிடம் எந்த நாடு என்று விசாரித்தார். கேட்டுக்கொண்டு நர்ஸ் பக்கம் திரும்பி, "வேற நாட்டு ஆள் யாரும் இல்லையா?" என்றார். யாரும் இல்லாததால் இவர்தான் தள்ளிக்கொண்டு போனார். சாயங்காலம் வீட்டில் அதை ஒரு வேடிக்கை போலச் சொன்னார். மனைவி சிரிக்கவில்லை.

"நீங்க கடையில நம்ம ஊர் சாமானப் பாத்துச் சொல்றதும் இதேதானே?"

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரேவுக்குப் போகும்போது அதே அம்மாள், "அன்னைக்கு வந்தாரே, அவரையே கூப்பிடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். இதை மட்டும் அவர் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் மனைவி ஜெயித்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து தங்கை ஃபோனில் கூப்பிட்டாள். அவர் விட்டு வந்த தொழிற்சாலையில்தான் அவளுக்கும் வேலை.

"அண்ணா, எங்க லைன்ல தைக்கிற ஷூ உங்க ஊர்க் கடைக்கு வருது. பாத்தியா?"

"கண்ணுல படலையே." பட்டிருந்தது. படாத மாதிரி தாண்டிப் போயிருந்தார்.

"இது வித்தாதான் அடுத்த வருஷமும் லைன் ஓடும்னு சொல்றாங்க. உன் செக்கிங் டேபிள்ல இப்ப யார் தெரியுமா? நான்தான். போன மாசக் கடைசியில நாப்பது ஜோடியத் திருப்பி அனுப்பிட்டேன். சூப்பர்வைசர் குதிச்சாரு. குதிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மருத்துவமனையில் அடுத்து லீவு கிடைத்த நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு ஷூ கடைக்குப் போனார். தங்கையின் லைனில் தைத்த ஜோடியை எடுத்து ஒடிப்பதுபோல் வளைத்தார். தையல் ஓரமாக நகத்தை ஓட்டினார். உள்ளே கைவிட்டு விரல்களால் தடவினார், பசையை முகர்ந்தார். பிறகு பெட்டிமேல் பெட்டியாக இறக்கச் சொல்லி ஏழு ஜோடிகளையும் அதே பாடு படுத்தினார். விற்கிற பெண் பயந்துபோய், "ஏதாவது குறையா சார்?" என்றாள்.

"அதத்தாம்மா தேடிக்கிட்டிருக்கேன்."

"கெடச்சுதா?" என்றாள் மனைவி.

அவர் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஜோடியைக் காலில் மாட்டிக் கயிற்றை இறுக்கிக் கட்டினார். எழுந்து நின்று குதிகாலை இரண்டு முறை தரையில் தட்டினார். பிறகு ஃபோனை எடுத்துத் தங்கைக்கு வீடியோவில் அழைத்தார். அங்கே தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம். தட்டுகளின் சத்தம் கேட்டது.

"பாரு" என்றார். ஃபோனைப் பெஞ்சுக் காலில் சாய்த்துத் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "அக்கா, இங்க வாங்க! நம்ம ஷூ, நம்ம ஷூ!" என்று தங்கை கத்துவது கேட்டது. நாற்காலிகள் இழுபட்டன. தொப்பி போட்ட தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகத் திரைக்குள் நெருக்கியடித்தன.

பிந்தி வந்தவர்களுக்கும் தெரியட்டும் என்று, பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் மறுபடியும் ஒருமுறை மெதுவாக நடந்தார்.