கைம்பெண் வேடம்

பீலெஃபெல்டில் எங்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் தமிழ்ப் பூசை. ஜெர்மன்காரர் தங்கள் பூசையை முடித்துக்கொண்டு போன பிறகு அதே கத்தோலிக்கக் கோயிலில் நாங்கள் பாடுவோம். அதன்பின் பக்கத்து மண்டபத்தில் சோற்றுப் பொதி. பொதிக்குப் பெரியம்மாதான் பொறுப்பு. ஒரு வாரம் முன்பே பெயர் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர் சுவாமியாராகவே இருந்தாலும் பெரியம்மா அசைய மாட்டார்.

எனக்கு ஒன்பது வயதில், மறைக்கல்விப் பிள்ளைகளை வைத்து அப்பா ஒரு நாடகம் போட்டார். முதல் கிறிஸ்தவர்களின் கதை. எருசலேமில் எல்லோருக்கும் ஒன்றாகச் சாப்பாடு கொடுத்த காலத்தில், வேற்று மொழி பேசிய கைம்பெண்களை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டார்களாம். அதைச் சரிசெய்ய ஏழு பேரை நியமித்தார்களாம். எனக்கு வாய்த்தது கைம்பெண் வேடம். ஒரே ஒரு வசனம்: “எங்களுக்கும் சாப்பாடு தாங்கோ.” அதை மூன்று வாரம் குளியலறைக் கண்ணாடிக்குச் சொல்லிச் சொல்லி வீட்டையே படுத்தி எடுத்தேன். மேடையில் சொன்னபோது மண்டபமே கைதட்டியது. பெரியம்மா கண்ணைத் துடைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேடத்தைக் கலைக்காமலே, அம்மாவின் வெள்ளைச் சேலை தரையைக் கூட்ட, பொதி வாங்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் தூங்கும் குழந்தையோடு ஒரு பெண். தெருமுனை அகதி முகாமுக்குப் புதிதாக வந்த எரித்திரியாக்காரி. பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்து, கடைசி வாங்கில் உட்கார்ந்து நாடகம் முழுவதையும் பார்த்தவள்.

“பெயர் குடுத்த ஆக்களுக்குத்தான் கணக்காக் கட்டினது. இவவுக்கு எப்பிடிக் குடுக்கிறது?” என்று பெரியம்மா பக்கத்தில் நின்ற அம்மாவிடம் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்து அன்பாகத்தான் சிரித்தார். அவள் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

எனக்கு இரக்கம் வந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் எனக்கு இன்னொரு கைதட்டல் வேண்டியிருந்தது. அவளைத் தள்ளிக்கொண்டு முன்னே போய், முக்காட்டை இழுத்துவிட்டு, முன்பைவிட உரக்கச் சொன்னேன்.

“எங்களுக்கும் சாப்பாடு தாங்கோ!”

மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. அப்பா குனிந்து தன் காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார். பெரியம்மாவின் முகம் கறுத்தது. தனக்கென்று மேசைக்குக் கீழே வைத்திருந்த பொதியை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்து, “இருந்து சாப்பிடு, பிள்ளை” என்று வாங்கைக் காட்டினார். அம்மா தன் பொதியில் பாதியைப் பெரியம்மாவுக்குக் கொடுத்தார். அடுத்த மாதத்திலிருந்து பத்துப் பொதிகள் பெயர் இல்லாமலே கட்டப்பட்டன.

நானோ அன்று வீட்டுக்குப் போகும் டிராமில் விக்கி விக்கி அழுதேன். என்னவென்று அம்மா கேட்டார்.

“இரண்டாந்தரம் இன்னும் நல்லாத்தானே சொன்னனான். ஏன் ஒருத்தரும் கைதட்டேல்லை?”

அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.