மஞ்சள் தடவி முடிப்பதற்குள்

பம்பாய் மாட்டுங்காவில் குடியிருக்கும், பங்குத் தரகர் ஒருவரின் குமாஸ்தா நான். தாராவி தோல் பட்டறையில் வேலை செய்யும் செல்லையா, மகள் கல்யாணத்துக்கென்று நூறு ரூபாய் முகமதிப்புள்ள பங்கு ஒன்று வாங்கி வைத்திருந்தார். அந்தக் கம்பெனி ஒவ்வொரு பங்கையும் பத்து ரூபாய்ப் பங்குகள் பத்தாகப் பிரித்தது. அவருடைய பழைய பங்குப் பத்திரத்தை அவரிடமிருந்து வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பியவன் நான்தான்.

புதிய பத்திரங்கள் பத்தும் வந்ததும் பட்டறைக்கே எடுத்துப்போனேன். எங்கள் வீட்டில் புதுப் பத்திரத்தை நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் யாரிடமும் கொடுப்பதில்லை. முதல் பத்திரத்துக்குத் தடவி அவரிடம் நீட்டிவிட்டு, இரண்டாவதைப் பையிலிருந்து எடுக்கக் குனிந்தேன். பங்கைப் பத்தாகப் பிரித்த விளக்கத்தைக் கடைசியில் சொல்லலாம் என்றிருந்தேன், மடையன்!

செல்லையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.

"நூறு எங்கவே? பத்துன்னுல்லா போட்டிருக்கு! எம் மவ கல்யாணத் துட்ட முழுங்கிட்டீரா?"

நிமிர்வதற்குள் தோல் சீவும் கத்தி என் தோளில் இறங்கியது. மறுபடியும் ஓங்கினார். ரத்தம் வழிய, பையை அவர் முன்னால் கவிழ்த்தேன்.

"எண்ணிப் பாரும் ஓய்! இன்னும் ஒன்பது இருக்கு!" என்று அலறினேன்.

எண்ணினார். கத்தி கீழே விழுந்தது. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான். ஏழு தையல்.

இப்போதெல்லாம் பத்திரங்களை ஒரே கட்டாகக் கையில் கொடுத்து, எண்ணச் சொல்லிவிடுகிறேன். மஞ்சளை அவர்களே தடவிக்கொள்ளட்டும்.