பாதியில் வெட்டிய நாவல்

வாடகைக்குப் புத்தகம் விடுகிறவனுக்கு வாசகர்கள் மேல் நம்பிக்கை இருக்கக் கூடாது. பைண்டர் மேல் அறவே இருக்கக் கூடாது. எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் லெண்டிங் லைப்ரரி நடத்தி நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். ஆசையாக வாங்கிய புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டு வயிறெரிந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்கு அது என்றைக்கோ ஒருநாள் நடந்திருக்கும். எனக்கு அதுவே பிழைப்பு.

முக்கோணம்

வாடகை நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. படித்த நாவலையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடக் கூடாது என்று, ஏதாவது ஒரு பக்கத்தில் தங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி பென்சிலால் அடையாளம் வைப்பார்கள். ஒருவர் பக்க எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். இன்னொருவர் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். எத்தனை அழித்தாலும் மறுபடி முளைத்துவிடும்.

அடையாற்றிலிருந்து பஸ் ஏறி வரும் ஓய்வுபெற்ற என்ஜினீயர் ஒருவர், "மருமகளுக்கு" என்று சொல்லி ஆங்கிலக் காதல் நாவல்களாகவே எடுத்துப் போவார். அத்தனையிலும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல ஒரு முக்கோணம் இருக்கும். "உங்க மருமகள் நல்லா முக்கோணம் போடறாங்க சார்" என்று ஒருநாள் சீண்டினேன். அவர் வெட்கப்படுவார் என்று பார்த்தால், கைப்பையில் புத்தகத்தை வைத்தபடியே சொன்னார்: "அவ பையனோட அமெரிக்கா போயி வருஷக்கணக்காச்சுப்பா. வீட்ல பேச ஆளில்ல. இதுலயாவது நாலு பேர் பேசிக்கிறாங்களேன்னு எடுத்துட்டுப் போறேன்."

கத்தி

எல்லோரும் அடித்துக்கொண்டு கேட்ட நாவல் ஒன்று இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து. ராஜாவுக்குப் புத்தி பேதலித்து, இளவரசர் ஆட்சியைக் கவனித்துக்கொண்ட காலம். பெரிய இடத்துப் பெண்களுக்கு நடன விருந்துக்குப் போவதும் வரன் தேடுவதும்தான் வேலை. கதாநாயகி மட்டும் வேறு ரகம். முப்பதை நெருங்கியவள், மூக்குக் கண்ணாடி போட்டவள். காலமான அப்பாவின் குதிரை லாயத்தைத் தானே நடத்துகிறாள். குதிரை வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு ஊர் வாயில் விழுகிறாள். ஒரு பிரபு அவள் வாயில் மாட்டிக்கொண்டு படும் பாட்டைப் படித்துவிட்டு, கடையில் நின்றபடியே சிரித்தவர்கள் உண்டு.

கை மாறி மாறி அதன் முதுகு விட்டுப்போயிற்று. பைண்டர் முனுசாமி அதைக் கையில் வாங்கி, எடை போடுகிறவனைப்போலத் தூக்கிப் பார்த்தான். இரண்டாக வெட்டித் தனித்தனியாகத் தைக்கலாம் என்றான். மற்ற கடைகளிலும் அப்படிச் செய்வதுண்டு. இருந்தாலும் எனக்கு மனசு வரவில்லை. முனுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குண்டா கீது நைனா, அதான் பிச்சுக்கினு போவுது. ரெண்டா அறுத்தா ஒரே நேரத்துல ரெண்டு பேர் படிப்பான். கதைக்கு இன்னா, வலிக்கவா போவுது?"

அவள் போய்விட்டாள்

தி. நகரில் ஒரு வங்கியில் வேலை பார்த்த வசந்தா, சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வருவாள். அன்றைக்கு அவள் கையில் கிடைத்தது அந்த நாவலின் முன் பாதி. பின் பாதி அடையாற்று என்ஜினீயரிடம் இருந்தது. முனுசாமி வெட்டிய இடம் ஓர் அத்தியாயத்தின் முடிவு. லாயத்தை மூடினால்தான் கல்யாணம் என்கிறான் பிரபு. முடியாது என்று சொல்லிவிட்டு, மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள் அவள். அதற்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, முழுப் புத்தகம் மாதிரியே அழகாகக் கொடுத்திருந்தான் முனுசாமி. 'முதல் பாகம்' என்று நான் எழுதி ஒட்டிய சீட்டு எங்கே விழுந்ததோ தெரியாது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வசந்தாவின் முகம் பளிச்சென்று இருந்தது. கடையில் நல்ல கூட்டம். மீதியைப் பிறகு வந்து கேட்பாள் என்று நினைத்து, அவள் சொன்னதற்கு நானும் தலையாட்டிவைத்தேன். "எல்லாக் கதையிலயும் கடைசில கல்யாணத்தைப் பண்ணி வெச்சுடுவா சார். இவ ஒருத்திதான் துணிஞ்சு வண்டியை எடுத்துண்டு போயிட்டா!"

மாமியின் வேண்டுதல்

கொஞ்ச நாள் கழித்து வசந்தாவின் அம்மா கடைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் வந்ததே இல்லை. நல்ல இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்களாம். கூடத்தில் எல்லோர் எதிரிலும் வசந்தா, "வேலையை விட மாட்டேன். அதுக்கு இஷ்டமில்லேன்னா இந்தச் சம்பந்தமே வேண்டாம்" என்றுவிட்டாளாம். வந்தவர்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து அப்பா பெண்ணோடு பேசுவதில்லை. "இங்கிலீஷ் நாவல்ல ஒருத்தி அப்படித்தான் போனாளாம். அவ நன்னா இல்லையா, நானும் இருப்பேங்கறா" என்றார் மாமி.

"மாமி, அவங்க படிச்சது பாதிதான். மீதியில அந்த ஆள் திரும்பி வரான், கல்யாணமும் நடக்குது" என்றேன். மாமி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் ஆறதா? அப்ப அந்தப் பாதியை அவ கண்ணுல காட்டுங்கோ. பிள்ளையாத்துக்காரா இன்னும் வேற இடம் முடிக்கலை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மீதிப் பாதி

சைக்கிளை மிதித்து அடையாற்றுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் என்ஜினீயர் படித்துக்கொண்டிருந்த பக்கத்தை மூடி அப்படியே கொடுத்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் வசந்தாவிடம் அதை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவள் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அவள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, பெண் பார்க்க வந்த பையனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது. பின் பாதியில் பிரபு லாயத்துக்கே வந்து, தொப்பியைக் கழற்றி, நான் சொன்னது தப்பு, உன் குதிரைகள் உன்னிடமே இருக்கட்டும், என்னைக் கல்யாணம் செய்துகொள் என்று கேட்டுக்கொள்வான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நல்ல முடிவுதானே?" என்று கேட்டுவிட்டேன். வசந்தா கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ரொம்ப நல்ல முடிவு சார். அவ தான் சொன்னதை மாத்திக்கவே இல்லை, அவன்னா மாறி வந்தான்! எங்காத்து வாசலுக்கு யாரு சார் அப்படி வரப்போறா?"

அதற்குப் பிறகும் அவள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். கடைக்கு மட்டும் வரவில்லை.

நிஜத்தில் திரும்பி வராத ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறவரைக்கும், காதல் நாவலை வாடகைக்கு விடுகிறவன் பட்டினி கிடக்கப் போவதில்லை.